மூன்று தலைமுறை கேட்ட டாக்டர்

என் கணவருக்கு அலுவலகத்தில் 'ரிஜிஸ்டர்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தேழு வருட வேலை. நான்காம் ஜன்னலுக்குப் பின்னால், முழங்கை தேய்ந்த சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, யார் எதைச் சொன்னாலும் முதலில் "எழுத்துல இருக்கா?" என்று கேட்கிற மனிதர். துக்க வீட்டுக்குப் போனால்கூட, அழுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "இறந்த நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்" என்று சொல்லி என் மானத்தை வாங்குவார். நான் கடைக்குப் போய் வந்தேன் என்றால் என் முகத்தைப் பார்க்கமாட்டார், ரசீதைத்தான் பார்ப்பார்.

என் மேல் சந்தேகம் இல்லை. காகிதத்தில் இல்லாத எதையும் அவரால் நம்ப முடியாது, அவ்வளவுதான். முப்பத்துநான்கு வருடம் குடும்பம் நடத்திப் பழகிவிட்டேன். எங்கள் கல்யாணச் சான்றிதழைக்கூட அவரே எழுதி, அவரே சரிபார்த்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கினார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர் அன்றைக்கு என்னைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது காலர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கழுத்து எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் நான் செய்த எதையும் உற்சாகமாகச் செய்யவில்லை. அலுத்துக்கொண்டேதான் செய்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். முப்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை குளிர்பதனக் கிடங்கில் முறை மாற்றி வேலை பார்ப்பவர். ஐந்து வயதில் ஒரு பேத்தி. ஒரே வருடத்தில் என் மகள் மூன்று தடவை மயங்கி விழுந்தாள். முதல் தடவை, "காலையில சாப்பிடாம போயிருப்பா" என்றோம். இரண்டாம் தடவை, "வெயில்" என்றோம். மூன்றாம் தடவை பஸ்ஸைப் பிடிக்க ஓடினவள், நடைபாதையில் அப்படியே சாய்ந்தாள். முன்பல் பாதி உடைந்தது. அதற்குமேல் எங்களிடம் காரணம் எதுவும் கைவசம் இல்லை.

இதய டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். பரபரப்பே இல்லாமல் பேசினாள்.

"இதயத்துல ஓடுற மின்சாரத்துல ஒரு கோளாறு இருக்குமோன்னு சந்தேகம். ஒரு நாள் ஈ.சி.ஜி. படம் தப்பா வருது, இன்னொரு நாள் சரியா வருது. ரத்தம் அனுப்பியிருக்கோம். பதில் வர நாலு மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் மாத்திரை தர்றேன். ஆனா துடிப்பு குழம்பினா சரி பண்ற கருவியை நெஞ்சுக்குள்ள வைக்கிறதா வேணாமான்னு அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும்."

"வெச்சுடுங்களேன்" என்றேன் நான்.

"வெச்சா ஆயுசுக்கும் உள்ள இருக்கும்மா. தேவையில்லாம வைக்கக் கூடாது. தேவை இருந்து வைக்காம விட்டா..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. "இது வம்சமா வர்ற விஷயம். அதனால உங்க ரெண்டு பக்கமும் மூணு தலைமுறை வேணும். யார் யாரு, எத்தனை வயசுல போனாங்க, எப்படிப் போனாங்க. முக்கியமா சின்ன வயசுல போனவங்க."

ஒரு பெரிய தாளைக் கொடுத்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. இந்த நோய் இருந்தவர் என்றால் உள்ளே கருப்பு. அடியில் எங்கள் மகளின் வட்டத்தை அவளே போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் என் கணவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிவு. "இது என் வேலை" என்றார்.

என் பக்கத்தை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். ஆறு போன். சித்தி, இரண்டு மாமா, பெரியப்பா மகள், அக்கா, அக்காவின் மாமியார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எது போனாலும் வாய் கடைசியில்தான் போகும். யார் எந்த வியாதியில், எந்தக் கட்டிலில், யாருடைய மருமகள் கவனிக்காததால் செத்தார்கள் என்பதுவரை கேட்டு எழுதிவிட்டேன். எல்லோரும் எழுபதைத் தாண்டிப் போனவர்கள். ஒருத்தர்கூட ஓடும்போதோ தூங்கும்போதோ போகவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டேதான் போயிருக்கிறார்கள்.

அவர் பக்கத்துக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. "மனுஷங்க மாத்தி மாத்தி சொல்லுவாங்க. புத்தகம் மாத்திச் சொல்லாது" என்றார். விதிப்படி விண்ணப்பம் எழுதினார். நான்காம் ஜன்னலில் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் அது. காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று கையெழுத்துப் போட்டு, உள்ளே போய் உட்கார்ந்து, அதே விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தி, தனக்கே ரசீதும் கொடுத்துக்கொண்டார். மூன்றாம் ஜன்னல் அம்மா இதை எனக்குப் போனில் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சாதாரண நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பத்து நாள் பதிவறையில் கிடந்தார். பூச்சி அரித்த பக்கங்கள், அட்டை கழன்ற புத்தகங்கள், தண்ணீர் இறங்கி மை ஊறிய வருடங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வீட்டுக்கு வந்து தும்மித் தும்மியே ஓய்ந்துபோவார். அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டார். கொள்ளுப்பாட்டிக்குப் பெயர் கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் 'மேற்படியார் மனைவி' என்று மட்டும் இருந்தது.

"பாவம், பேரு இல்லாமலேயே செத்திருக்கா" என்றேன்.

"பேரு இருந்திருக்கும். சொல்ல வந்தவர் சொல்லியிருக்க மாட்டாரு. எழுதினவர் கேட்டிருக்க மாட்டாரு" என்றார்.

கடைசியில் அளவுகோல் வைத்து, இரண்டு நிற மையில், அச்சடித்ததுபோல ஒரு தாளைத் தயார் செய்தார். அவருக்கு மேலே அப்பா, அம்மா. இருவரும் எழுபதுக்கு மேல். அவரோடு பிறந்தவர்கள் மூன்று பேர். அண்ணன், முப்பத்துநாலு வயதில் மாரடைப்பு. அக்கா, உயிரோடு இருக்கிறார். தங்கை, பத்தொன்பது வயதில் காய்ச்சல்.

அண்ணன் போன காலை எனக்கு நினைவிருக்கிறது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. எழுப்பப் போனால் மனிதர் எழவில்லை, அவ்வளவுதான். தங்கையை நான் பார்த்ததில்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டாள். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தடவை மாமியாரிடம் கேட்டேன். "காய்ச்சல்ல போயிட்டா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வலிக்கிற இடம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் தடவை டாக்டரிடம் அவரும் நானும் மட்டும் போனோம். அவள் தாளை நிதானமாகப் பார்த்தாள். பேனா அண்ணனின் கட்டத்தில் நின்றது.

"முப்பத்துநாலுல மாரடைப்பு. சிகரெட் உண்டா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்."

"அப்ப அது வெறும் மாரடைப்பாவும் இருக்கலாம். எந்த டாக்டர் பார்த்துச் சொன்னது?"

"டாக்டர் யாரும் பார்க்கல. வீட்டுல, தூக்கத்துலதான் போனாரு. நான்தான் எழுதினேன்."

"நீங்க எதை வெச்சு மாரடைப்புன்னு எழுதினீங்க?"

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுல இறந்தா, வர்றவங்க சொல்றதை எழுதுவோம். அவங்களுக்கும் தெரியலைன்னா, வயசானவங்களுக்கு முதுமை, மத்தவங்களுக்கு மாரடைப்பு. கட்டத்தைக் காலியா விட்டா மேலேருந்து திருப்பி அனுப்பிடுவாங்க."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான்தான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். முப்பத்துநான்கு வருடம் 'புத்தகம் மாத்திச் சொல்லாது' என்று என்னைக் கறாராக அடக்கிய மனிதர்! அந்தப் புத்தகத்தின் லட்சணம் இதுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தரை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்றாள் டாக்டர். "இன்னொருத்தர் இருந்தா கதையே வேற." பேனா தங்கையின் வட்டத்துக்கு நகர்ந்தது. "பத்தொன்பது வயசு. என்ன காய்ச்சல்? எத்தனை நாள்?"

"மூணு நாள்" என்றார் என் கணவர். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, கொஞ்ச நாள் காகிதத்தை விட்டுட்டு ஆளுங்களைக் கேளுங்க. உங்க அக்கா இருக்காங்களே."

"அவங்களுக்கு ஞாபகசக்தி போயிடுச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நாத்தனாருக்கா ஞாபகம் இல்லை? கல்யாணமான முதல் மாதத்தில் நான் உடைத்த தட்டுகளின் எண்ணிக்கையை இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிற மனுஷி அவர். டாக்டர் முன்னால் எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "எனக்குத் தலை வலிக்குது" என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்த முதல் நாள் அது. அதற்குமுன் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறி முடித்தபோது, மூன்று தலைமுறையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. நாத்தனார் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் மகளுக்கு வந்திருப்பதை முழுவதும் சொன்னேன். தாளையும் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தார். தங்கையின் வட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

"காய்ச்சல்னு போட்டிருக்கானா இன்னும்?" என்றார்.

"ஏன் அண்ணி, காய்ச்சல் இல்லையா?"

"தண்ணில போனவளுக்கு ஏதும்மா காய்ச்சல்?"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அசையவில்லை. அவருக்கும் தூக்கிச் சுமந்து அலுத்துப்போயிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல், தைலப் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடியபடி சொல்ல ஆரம்பித்தார்.

"ஊருக்கு வெளியில ஏரி இருந்துச்சு. அவ தினம் காலையில நீந்தப் போவா. அன்னிக்கு வரல. அப்பாவும் தம்பியும் போய்த் தூக்கிட்டு வந்தாங்க. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாசம்கூட இல்ல. தண்ணில விழுந்து செத்தாள்னு வெளிய தெரிஞ்சா போலீஸ் வரும், உடம்பை அறுப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுல ஏன் செத்தா எதுக்குச் செத்தான்னு கேப்பாங்க. ஊர் வாயை யாரு மூடுறது? தம்பி அப்பதான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். அப்பா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுட்டாங்க."

"ஏன் செத்தாங்க அண்ணி?"

"அதை அவன்கிட்ட கேளு. என் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் திறக்க வரல." மூடியை இறுக்கி மூடி வைத்தார். "சாப்பிட்டியா நீ? முகமே சரியில்ல."

நான் சாப்பிடவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

மத்தியான இடைவேளை. நான்காம் ஜன்னலில் 'மூடப்பட்டது' பலகை தொங்கியது. மூன்றாம் ஜன்னல் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பதிவறைப் பக்கம் கையைக் காட்டினாள். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில், ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"உங்க அக்காவுக்கு ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

முகத்தில் ஈயாடவில்லை. டப்பாவை மூடினார். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, ஏணியில் ஏறாமலேயே, தேடாமலேயே, இடது பக்க அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கத்தையும் தேடவில்லை. தானாகத் திறந்தது. எத்தனை தடவை திறந்திருந்தால் ஒரு புத்தகம் அப்படித் திறக்கும்?

அவருடைய பழைய கையெழுத்து, இன்னும் சாய்ந்து விழாத, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. இறப்புக்கான காரணம்: காய்ச்சல். தகவல் அளித்தவர்: சகோதரர். பதிவு செய்தவர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து.

"அவ பரீட்சையில ஒரு பாடத்துல தோத்துட்டா" என்றார். "எனக்கு அப்பதான் வேலை கிடைச்ச திமிரு. எல்லார் முன்னாடியும் கத்தினேன். 'நீ இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்'னு கேட்டேன். பதில் சொல்லல. சாப்பிட்டா, படுத்தா. காலையில ஏரிக்குப் போனா."

"அதனாலதான்னு எப்படித் தெரியும்? தவறி முழுகியிருக்கலாம்ல?"

"முழுகுறதா? அவளா?" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "அவளுக்கு நீச்சல் கத்துக்கொடுத்ததே நான்தான். பன்னெண்டு வயசுல என்னை முந்திட்டா. அக்கரைக்குப் போயிட்டு மூச்சு வாங்காம திரும்பி வருவா. அன்னிக்குக் காத்து இல்ல, அலை இல்ல. நீந்தத் தெரிஞ்சவ எப்படி முழுகுவா, நீயே சொல்லு. வேணும்னு முழுகினாத்தான் உண்டு."

முப்பத்துநான்கு வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்தும், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. கோபப்படத் தெம்பில்லை. ஏணியின் அடுத்த படியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"அது நெஞ்சால வந்த சாவு இல்லம்மா. என்னால வந்த சாவு. அந்தத் தாள்ல அதுக்கு என்ன வேலை?"

"அதை நீங்க முடிவு பண்ணாதீங்க. சின்ன வயசுல போனவங்க எப்படிப் போனாங்கன்னு கேட்டாங்க. கேட்டதைச் சொல்லுங்க. முடிவு பண்ண அவங்க இருக்காங்க."

"நம்ம பொண்ணு முன்னாடியா? அதுக்கப்புறம் அவ என்னை எப்படிப் பார்ப்பா?"

"எப்படி வேணும்னாலும் பார்க்கட்டுங்க. உயிரோட இருந்து பார்க்கட்டும்."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். நான் பாதி நாள் காலர் தைக்கக் கூடத்துக்குத் திரும்பினேன். அன்றைக்கு இருபது காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். டாக்டர் அறையில் மூன்று நாற்காலி போட மாட்டார்கள். அவர் நின்றுகொண்டே சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆட்கள் சொல்வதுபோல, வருடம், மாதம், தேதி என்று வரிசையாகச் சொன்னார். பூசி மெழுகவில்லை. 'நீ இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்' என்ற வார்த்தையையும் விடவில்லை. கடைசியில், "பதிவுல பொய் எழுதினது நான். காய்ச்சல் இல்ல. தற்கொலை" என்றார். என் மகள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "நல்லா நீந்துவாங்களா?" என்றாள்.

"அதுதான் சொன்னேனே. அந்த ஏரியை அப்படியும் இப்படியும்—"

"அன்னிக்கு உதவின்னு கத்தின சத்தம், போராடின அடையாளம் ஏதாவது?"

"இல்ல. துணி துவைச்சுக்கிட்டு இருந்தவங்க பார்த்திருக்காங்க. நீந்திக்கிட்டே இருந்தா, அப்புறம் காணோம்னு சொன்னாங்க. கரையில செருப்பும் துண்டும் மடிச்சு வெச்சிருந்துச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, சாகப் போறவங்க எதுக்குத் துண்டை எடுத்துட்டுப் போறாங்க?" என்று கேட்டாள். குரல் தணிந்திருந்தது. "இந்த நோய் இருக்கிறவங்களுக்கு ஆபத்தான இடம்னு நாங்க முதல்ல சொல்றதே தண்ணியைத்தான். நீந்தும்போது திடீர்னு துடிப்பு குழம்பிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. கத்த முடியாது, கையைத் தூக்க முடியாது. நல்லா நீந்தத் தெரிஞ்ச சின்ன வயசுப் பொண்ணு, அமைதியான தண்ணில, சத்தமே இல்லாம முழுகினாங்கன்னா நாங்க மொதல்ல இதயத்தைத்தான் சந்தேகப்படுவோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவ... வேணும்னு..."

"நான் அங்க இல்ல. நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எனக்கு இது தற்கொலையாத் தெரியல." பிறகு என் மகள் பக்கம் திரும்பினாள். "அவங்க போனதும், பெரியப்பா தூக்கத்துல போனதும், நீங்க ஓடும்போது விழுந்ததும் ஒரே கோட்டுல வருது. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். கருவி வெச்சுடலாம். அதுக்கு இன்னிக்கே உங்களுக்கு இன்னொரு படம் எடுத்துடுங்க. அப்பாவுக்கும் உங்க குழந்தைக்கும் படம் எடுக்கணும். எடுக்கிற வரைக்கும் குழந்தை ஓட வேண்டாம், தண்ணிப் பக்கம் போக வேண்டாம்."

தாளை எடுத்து, 'காய்ச்சல்' என்பதை அடித்துவிட்டு, தங்கையின் வட்டத்தைக் கருப்பாக நிரப்பினாள். அண்ணனின் கட்டத்தையும் நிரப்பினாள். என் மகளின் வட்டத்தில் பாதியை நிரப்பிவிட்டு நிறுத்தினாள்.

வெளித் தாழ்வாரத்தில் நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். படம் எடுக்கும் அறைக்கு முன்னால் எங்களுக்கு முன்பே நாலைந்து பேர் இருந்தார்கள். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிம்மதியை நான் வெறுத்தேன். என் மகள் நெஞ்சைக் கிழித்துக் கருவி வைக்கப் போகிறார்கள், என் பேத்தியை ஓடாதே என்று சொல்லப் போகிறோம், இந்த மனிதருக்கு நிம்மதியா? அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முப்பத்தேழு வருடமாகத் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு, தினமும் ஜன்னலைத் திறந்து அடுத்தவர் சாவை எழுதிக்கொண்டிருந்த மனிதர். என் வெறுப்பு அங்கேயே வடிந்துபோனது.

"மன்னிச்சுடும்மா" என்றார் மகளிடம். கையை எடுக்காமலே சொன்னார். "இது நல்ல சேதியா கெட்ட சேதியான்னுகூட எனக்குத் தெரியல. உனக்கு இப்படின்னு கேட்டுட்டு நான்... எனக்கு இப்படித் தோணக் கூடாது."

என் மகளுக்கும் பயம், உதடு வெளுத்திருந்தது. உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து என்னைத் தாண்டி வந்து அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவர் கையை முகத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னொரு அத்தை இருந்தாங்கன்னே நீங்க சொன்னதில்லையேப்பா" என்றாள். "எப்படி இருப்பாங்க? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். தேதியில்லாமல், வருடமில்லாமல், முதன்முறையாகக் காகிதம் எதுவும் இல்லாமல் பேசினார். அவளுக்கு ஒரு காதோரம் மட்டும் சுருட்டை முடி என்றார். யாரைப் பார்த்தாலும் அவர்கள் நடப்பதுபோல நடந்து காட்டுவாள் என்றார். ஏரியில் முதல் நாள் இறங்கியபோது பயத்தில் இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெரித்தே கொன்றிருப்பாள் என்று சொல்லிவிட்டு, அந்த அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். என் மகளும் சிரித்தாள். அப்படியே என் கணவரின் சிரிப்பு. இரண்டும் ஒன்று என்று எனக்கு இதுவரை தோன்றவேயில்லை.

அறைக் கதவு திறந்தது. நர்ஸ் சீட்டைப் பார்த்து, "அடுத்தது நீங்கதாம்மா, உள்ள வாங்க" என்றாள்.

"எனக்கப்புறம் இருக்கிறவங்களை அனுப்புங்க" என்றாள் என் மகள். "எங்கப்பா பேசிட்டு இருக்காரு."